மிஷினுக்கு மார்கழி வாடகை

மரக்காணம்
20-12-2005

அம்சவள்ளிக்கு,

'அன்புள்ள' என்று எழுதவில்லை, கவனித்துக்கொள். செபம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். அப்படியும் கோபம் இறங்கவில்லை.

மூன்று வருஷம் என் வீட்டுப் பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்தாய். போன வியாழக்கிழமை டிராக்டரில் சாமான் ஏற்றிக்கொண்டு, வழியில் பார்த்தவளுக்குக் கை காட்டுகிற மாதிரி எனக்கும் ஒரு கை காட்டிவிட்டுப் போய்விட்டாய். என்னடி அவசரம் என்றால், "நாளைக்கு மார்கழி பொறந்துடும்க்கா, அதுக்குள்ள அந்த வீட்ல பால் காய்ச்சியாவணும்" என்கிறாய். மார்கழியில் குடி போகக் கூடாது, சரி. மார்கழியில் பாக்கியைத் தீர்க்கவும் கூடாதா?

நீ போன பிறகு உள்ளே போய்ப் பார்த்தேன். சுவர் முழுக்க ஆணி. சமையல்கட்டுச் சுவரில் என் பக்கம் வரைக்கும் ஓட்டை. ஒரு ஆள் தலையை விட்டு எட்டிப் பார்க்கலாம், அவ்வளவு பெரிசு. அதை அடைக்கக் கொத்தனார் சுப்ராயன் ஐநூறு ரூபாய் கேட்கிறான். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாத வாடகை எண்ணூறு ரூபாய் நிற்கிறது. இதையெல்லாம் யார் தருவது, உங்கள் டிராக்டர்காரனா?

டிராக்டரில் இடமில்லை என்று உன் தையல் மிஷினை முன் அறையில் விட்டுப் போனாய் அல்லவா? அந்த அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிவிட்டேன். கணக்கைத் தீர்த்துவிட்டு அப்புறம் மிஷினைத் தொடு.

சகாயசெல்வி நர்சிங் ஹாஸ்டலில் இருந்து கிறிஸ்துமஸ் லீவுக்கு வருகிறாள். வந்ததும் வராததுமாக "அம்சாக்கா எங்கம்மா?" என்றுதான் கேட்பாள். என்ன சொல்ல என்று நீயே எழுதி அனுப்பு.

லூர்துமேரி

பி.கு: முருங்கை நன்றாகக் காய்த்திருக்கிறது. பறித்துத் தரச் சொல்லிக் கேட்க ஆளில்லை.


பொம்மையார்பாளையம்
24-12-2005

லூர்துமேரி அக்காவுக்கு,

நீங்கள் 'அன்புள்ள' போடவில்லை. நான் 'அக்கா' போட்டிருக்கிறேன். யாருக்கு மனசு பெரிசு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போன் பண்ணலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போன வாரம் உங்கள் எதிர்வீட்டு நம்பருக்குப் போட்டு உங்களைக் கூப்பிட்டேனே, நீங்கள் வந்து மூச்சு வாங்கி முடிப்பதற்குள் ஆறு ரூபாய் ஆகிவிட்டது. அப்புறம் பாதியிலேயே டக்கென்று வைத்துவிட்டீர்கள். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

முதலில் வாடகை. இந்த வருஷம் மழை எப்படிக் கொட்டியது என்று உங்களுக்குத் தெரியாதா? உப்பளம் எல்லாம் ஏரியாகக் கிடந்தது. அவருக்கு ஒரு நாள் கூலி இல்லை. அப்போது நீங்களே வந்து என்ன சொன்னீர்கள்? "மழை மாச வாடகைக்கு ஒண்ணும் அவசரமில்லடி, உப்பு வார ஆரம்பிச்சதும் குடு" என்றீர்கள். இன்றைக்கு மரக்காணத்தில் ஒரு பாத்தியில் யாராவது உப்பு வாருகிறார்களா? மழைத் தண்ணீரே இன்னும் வடியவில்லை. அப்புறம் எப்படி அது பாக்கி ஆகும்?

இரண்டாவது, ஓட்டை. முதல் செங்கல்லை எடுத்தது அவர்தான், ஒத்துக்கொள்கிறேன். எதற்கு எடுத்தார்? ஒரே கேபிள் கனெக்‌ஷனில் இரண்டு வீட்டு டி.வி.யும் ஓடட்டும் என்று வயர் விடுவதற்கு. அதில் மாதா மாதம் காசு மிச்சமானது உங்களுக்கும்தான். சரி, பக்கத்துச் செங்கல்லை யார் பெயர்த்தது? மீன் குழம்புச் சட்டி நுழையவில்லை என்று உலக்கையை எடுத்து இடித்தது யார்? நான் இந்தப் பக்கம் நின்று "அக்கா, போதும்க்கா, சுவரு வந்துடும்க்கா" என்று கத்தினேன். நீங்கள் கேட்டால்தானே!

இனி மிஷின். அதுதான் அக்கா எனக்கு முக்கியம். இவர் இங்கே ஒரு கெஸ்ட் ஹவுசில் தோட்ட வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். அந்தச் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்குமே இழுபறி. இந்த ஊரில் சாமுண்டீஸ்வரி என்று ஒரு அம்மா கடை வைத்திருக்கிறார். வெள்ளைக்காரர்கள் வாங்குகிற துணிப்பைகளைத் தைக்க ஆள் எடுக்கிறார். "சொந்த மிஷின் இருக்கறவங்களுக்குத்தான் துணி குடுப்பேன்" என்று சொல்லிவிட்டார். தை பிறந்ததும் வேலை ஆரம்பம். மார்கழியில் புது வீட்டுக்குள் ஒரு சாமானும் வரக் கூடாது என்று என் மாமியார் ஒற்றைக் காலில் நிற்கிறார். அதனால் தை பிறந்ததும் வந்து எடுத்துக்கொள்கிறோம். அதுவரைக்கும் உப்புக் காற்றில் துருப் பிடிக்காமல் ஒரு பழைய சேலையைப் போர்த்தி வையுங்கள். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

செல்விக்கும் உங்களுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. கோபமாகத்தான் சொல்கிறேன்.

அம்சவள்ளி


மரக்காணம்
2-1-2006

அம்சவள்ளிக்கு,

வருஷப் பிறப்பன்று யாரையும் திட்டக் கூடாது என்று ஃபாதர் பிரசங்கத்தில் சொன்னார். அதனால் நேற்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு இன்றைக்கு எழுதுகிறேன்.

உப்பு வார ஆரம்பித்ததும் கொடு என்று நான்தான் சொன்னேன். உன் வீட்டுக்காரர் இப்போது ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். இனிமேல் அவர் உப்பளத்துப் பக்கம் வரப்போவதில்லை. அப்போ என் எண்ணூறு ரூபாய் எந்தக் காலத்திலும் வராது, அப்படித்தானே? நல்லா இருக்குதடி உன் நியாயம்!

இன்னொன்றையும் கணக்கில் சேர்த்துக்கொள். மார்கழி வாடகை நானூறு. உன் மிஷின் மாதம் முழுக்க என் வீட்டில்தானே இருக்கிறது? 'மார்கழியில் யாரும் குடி வரமாட்டாங்க, உங்களுக்கு என்ன நஷ்டம்' என்று நீ கேட்பாய். உன் வாய் எனக்குத் தெரியாதா? நான் வேதக்காரி, எனக்கு ஏது மார்கழி? போன வாரம் கிறிஸ்தவக் குடும்பமே ஒன்று வீடு பார்க்க வந்தது. ஆரோக்கியராஜ் என்று டெலிபோன் ஆபீசில் வேலை செய்கிறவர். முன் அறை பூட்டிக் கிடந்ததைப் பார்த்து அவர் மனைவிக்கு முகம் சுண்டிவிட்டது. சமையல்கட்டுக்குப் போனால் ஓட்டை வழியாக என் அடுப்பு தெரிகிறது. "இது என்னாங்க, ஜெயில்ல சோறு தள்ற மாதிரி இருக்குது?" என்றாள். "காத்து வரும்மா" என்று சொல்லிப் பார்த்தேன். அவள் நம்பவில்லை. காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

அப்புறம், பழைய சேலையைப் போர்த்தினால் போதும் என்று எழுதியிருக்கிறாய். நான் அப்படி ஏனோதானோ என்று செய்கிறவள் இல்லை. நீ போன மறுநாளில் இருந்து உன் மிஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு வருகிறேன். கடையில் விற்கிற கலப்படச் சரக்கு இல்லை, நல்ல செக்குத் தேங்காய் எண்ணெய். மேலே, கீழே, சக்கரத்துக்கு உள்ளே, ஒரு இடம் விடவில்லை. இத்தனை செய்தும் எனக்குத்தான் கெட்ட பேர்.

லூர்துமேரி

பி.கு: நீ விட்டுப் போன துடைப்பம் நல்ல துடைப்பம். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை, நானே வைத்துக்கொண்டேன்.


பொம்மையார்பாளையம்
5-1-2006

அக்கா!

தேங்காய் எண்ணெயா? மிஷின் என்ன தலையா, எண்ணெய் தேய்த்துப் பின்னல் போட? ஐயோ, அது இந்தப் பனியில் உறைந்து பிசினாகப் பிடித்துக்கொள்ளுமே! மிஷின் எண்ணெய் என்று தனியாக இருக்கிறது, குட்டி டப்பாவில். ஜன்னல் மேல்தான் வைத்திருந்தேன். மூன்று வருஷமாக என் வீட்டுக்கு வந்து வந்து போனீர்களே, ஒரு நாள்கூடக் கண்ணில் படவில்லையா?

கடிதத்தைப் படித்துவிட்டு இவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த மிஷின் எங்கம்மா கம்மலை விற்று வாங்கிக் கொடுத்தது. உங்களுக்கே தெரியும்.

மார்கழி வாடகைக்கு வருகிறேன். மிஷின் உங்கள் வீட்டில் சமைத்ததா? குளித்ததா? காலால் மிதிக்கிற மிஷின், அதற்குக் கரண்ட்டுகூட வேண்டாம். ஒரு மூலையில் வாயை மூடிக்கொண்டு நின்றதற்கு நானூறா? மாமியாரையும் சேர்த்து நாங்கள் மூன்று பேர் இருந்ததற்கே அதே நானூறுதானே வாங்கினீர்கள்! இரும்புக்கும் மனுஷருக்கும் ஒரே வாடகை என்று எந்த ஊரில் வைத்திருக்கிறார்கள்?

நீங்கள் கணக்கு என்றதால் நானும் கணக்கு கேட்கிறேன். குடி வந்த அன்று அட்வான்ஸ் இரண்டாயிரம் கொடுத்தோம். மழை மாத வாடகை எண்ணூறையும் அதில் பிடித்துக்கொள்ளுங்கள். உப்பு வாரினால்தான் தருவேன் என்று இனி நான் பேசவில்லை. ஓட்டையை என்ன செய்வது என்று பேசிக்கொள்ளலாம். மீதிப் பணத்தை எடுத்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை இவர் நேரில் வருகிறார். மிஷினை நன்றாக மிதித்துப் பார்த்துவிட்டு, உங்களிடம் கறாராகப் பேசிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

அதுவரைக்கும் அந்த எண்ணெய்க் கிண்ணத்தைத் தூரமாக வையுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

அம்சவள்ளி


மரக்காணம்
9-1-2006

அம்சா,

உன் வீட்டுக்காரர் வந்தார். கறாராகப் பேசினார். "அக்கா, குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்று மிகவும் கறாராகக் கேட்டார். கொடுவா மீன் குழம்பு. சாப்பிட்டுவிட்டுப் பாயைப் போட்டுத் தூங்கியவர் நான்கு மணிக்குத்தான் எழுந்தார்.

எழுந்து போய் மிஷினை மிதித்தார். அது அசையவில்லை. பெல்ட் அறுந்து தொங்குவதையும் பார்த்துவிட்டார். "இது எப்படிக்கா அறுந்துச்சு?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். உன்னிடம் வந்து என்ன சொன்னாரோ, நானே சொல்லிவிடுகிறேன்.

செல்விக்குக் கிறிஸ்துமஸ் ஜாக்கெட் எடுத்தேன். கை தொளதொள என்று இருந்தது. பண்டிகை நேரத்தில் எந்தத் தையல்காரனும் வாங்கிக்கொள்ளவில்லை. இந்தத் தெருவில் இருந்த ஒரே தையல்காரி, அவளும் மார்கழிக்குப் பயந்து ஓடிவிட்டாள். இரண்டு பக்கமும் ஒரு தையல் போட்டால் ஆயிற்று, இது என்ன பெரிய வித்தையா என்று நானே உட்கார்ந்துவிட்டேன். சக்கரம் சுற்றவில்லை. எனக்கு ஆத்திரம் வந்து ஓங்கி மிதித்தேன். என் கால் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். பெல்ட் போயிற்று, ஊசியும் போயிற்று. செல்வி பழைய ஜாக்கெட்டோடு பூசைக்கு வந்தாள். இன்றைக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

அட்வான்ஸ் கேட்டிருக்கிறாய். அட்வான்ஸ் இல்லை. ஜூன் மாதமே எடுத்து ஹாஸ்டல் பீஸ் கட்டிவிட்டேன். சத்துணவுக் கூடத்தில் சமைத்து நான் வாங்குகிற சம்பளத்தில் வேறு எப்படிக் கட்டுவேன்? அதனால்தான் ஓட்டைக்கு ஐநூறு, மார்கழிக்கு நானூறு என்று ஒவ்வொன்றாக எழுதினேன். கழித்துக் கழித்து அந்த இரண்டாயிரத்தை இல்லை என்று ஆக்கிவிடலாம் என்று பார்த்தேன். உன்னிடம் நடக்குமா? நடக்கவில்லை.

ஆனால் சாவி இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது. அதையும் மனசில் வைத்துக்கொள்.

லூர்துமேரி


பொம்மையார்பாளையம்
11-1-2006

அக்கா,

இவர் தூங்கினதையே என்னிடம் சொல்லவில்லை. "பஸ் லேட்டு" என்றார். உங்கள் கடிதம் வந்த பிறகு இந்த வீட்டில் ஒரு கச்சேரி நடந்தது. அதை விடுங்கள்.

சாமுண்டீஸ்வரி அம்மா காலையில் வந்துவிட்டுப் போனார். துணியெல்லாம் வெட்டி வைத்துவிட்டாராம். திங்கட்கிழமை வந்து பார்ப்பார். மிஷின் இருந்தால் வேலை எனக்கு, இல்லாவிட்டால் கீழ்புத்துப்பட்டில் ஒருத்தி தயாராக இருக்கிறாள், அவளுக்கு. தை முதல் தேதியே எடுத்து வரலாம் என்றால் அது சனிக்கிழமையில் விழுகிறது. சனிக்கிழமை இரும்பை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்கிறார் மாமியார். மார்கழிக்குத் தலையாட்டினேன், இதற்கும் ஆட்ட வேண்டியதாகிவிட்டது. ஞாயிறு மாட்டுப் பொங்கல், வண்டிக்காரன் எவனும் வரமாட்டான். வந்தாலும் அந்த மிஷின் ஓடாது.

எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. அட்வான்ஸ் வேண்டாம். ஓட்டைக்கு ஐநூறு எடுத்துக்கொள்ளுங்கள், மார்கழி வாடகை எடுத்துக்கொள்ளுங்கள், இன்னும் என்னென்ன தோன்றுகிறதோ எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். மிஷினை மட்டும் விட்டுவிடுங்கள் அக்கா. இந்த ஊரில் எனக்கு யாரையும் தெரியாது. இந்த வேலையும் கை நழுவினால் என்ன செய்வேன் என்று பயமாக இருக்கிறது.

அம்சவள்ளி


மரக்காணம்
15-1-2006

அன்புள்ள அம்சா,

போட்டுவிட்டேன், பார்த்துக்கொள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற கன்னியப்பனுக்கு முதலில் ஒரு வாய் காபி கொடு. குடோனில் இருக்கிற பழைய உப்பு மூட்டையைப் பாண்டிச்சேரிக்கு ஏற்றிப் போகிற லாரி அவனுடையது. நாளைக்குத்தான் போவேன், மாட்டுப் பொங்கலன்று வண்டி எடுக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தான். "உன் லாரி மாடாடா? அதுக்குக் கொம்பு சீவணுமா?" என்று கேட்டுக் கிளப்பிவிட்டேன். மிஷினை என் கம்பளியில் சுற்றி, அதன் மேல் தார்ப்பாய் போட்டு, மூட்டை உரசாமல் கேபினுக்குள் ஏற்றியிருக்கிறேன். கம்பளியைத் திருப்பித் தர வேண்டும்.

இனி அது ஓடும். உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. அன்றைக்கே மெக்கானிக்கைக் கையோடு கூட்டி வந்தேன். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிப் புது பெல்ட், புது ஊசி போட்டான். கழுவிக்கொண்டே என்னைத் திட்டினான். நீ திட்டியதற்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

சாவியை நான் பணத்துக்காக வைத்திருக்கிறேன் என்றுதான் நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்று காலையில் மிஷினைத் தூக்கி வெளியே வைத்ததும் அந்த அறை வெறிச்சென்று ஆகிவிட்டது. இதுவும் போய்விட்டால் நீ எதற்கு இந்தப் பக்கம் வரப்போகிறாய்? செல்வி ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். டி.வி. பார்க்கும்போது பழக்க தோஷத்தில் ஓட்டைப் பக்கம் திரும்பி, "பாத்தியாடி அவளை, எப்படி அழுவறா பாரு" என்கிறேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழுதேன்டி, நிஜமாகவே அழுதேன்.

எல்லாவற்றையும் எடுத்துக்கொள் என்று எழுதியிருக்கிறாய். நான் அப்படிப்பட்டவளா? மழை மாத வாடகை எண்ணூறு, அது எனக்கு. மார்கழிக்கு இருநூறு, இரும்புக்குப் பாதி வாடகை. சுப்ராயன் பேரம் பேசி நானூறுக்கு இறங்கி வந்தான், உன் செங்கல்லுக்கு இருநூறு, என் செங்கல்லுக்கு இருநூறு. நாளைக்கு வந்து அடைக்கிறான். ஆரோக்கியராஜ் குடும்பம் மறுபடி வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறது. பெல்ட்டுக்கும் ஊசிக்கும் நான் போட்டதுபோக உன்னைப் பயப்பட வைத்ததற்கு நூறு ரூபாய் நான் தர வேண்டும். கூட்டிக் கழித்தால் உனக்கு நான் தர வேண்டியது தொள்ளாயிரம். ஆணிகளை விட்டுவிட்டேன்.

மொத்தமாகத் தர என்னிடம் இல்லை. மாதம் ஐம்பது ரூபாய் தருகிறேன். மணியார்டர் எல்லாம் அனுப்ப மாட்டேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ நேரில் வந்து, சாப்பிட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போ. வராத மாதத்துக்குப் பணம் கிடையாது. வீட்டுக்காரரையும் கூட்டி வா. பாய் இருக்கிறது.

லூர்துமேரி


பொம்மையார்பாளையம்
22-1-2006

அன்புள்ள அக்கா,

மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் வாசலில் லாரி வந்து நின்றது. நம் வீட்டுக்கு உப்பு மூட்டை எதற்கு என்று மாமியார் முழித்தார். கன்னியப்பன் கேபின் கதவைத் திறந்ததும் உங்கள் கம்பளிதான் முதலில் தெரிந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குக் கண் கலங்கிவிட்டது. தெருவே வேடிக்கை பார்த்தது, நான் கவலைப்படவில்லை. மாமியார் மிஷினுக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டித்தான் உள்ளே விட்டார். கன்னியப்பன் இரண்டு காபி குடித்தான். "அந்தம்மா வாயில விழறதுக்கு லாரிக்கே கொம்பு சீவியிருக்கலாம்" என்றான்.

திங்கட்கிழமை சாமுண்டீஸ்வரி அம்மா வந்து பார்த்தார். மிதித்துக் காட்டினேன். பஞ்சாக ஓடியது. இந்த ஒரு வாரமாகப் பை தைக்கிறேன், நிமிர நேரமில்லை. நேற்றுத்தான் முதல் கூலி வாங்கினேன். ஆனால் எத்தனை துடைத்தாலும் தேங்காய் எண்ணெய் வாசம் போகவில்லை. தைக்கிற பை எல்லாம் மணக்கிறது. "இது என்னா வாசனை?" என்று சாமுண்டீஸ்வரி அம்மா கேட்டார். எங்கள் ஊர்ப் பக்கம் மிஷினுக்கு வாராவாரம் எண்ணெய்க் குளியல் உண்டு என்று சொல்லிவிட்டேன்.

ஓட்டையை அடைத்தாயிற்றா? ஆரோக்கியராஜ் வீட்டம்மா வந்தாளா? அவளிடம் முதல் நாளே உலக்கையைக் காட்டாதீர்கள்.

கணக்கு எனக்குச் சம்மதம். ஒரே ஒரு இடத்தில்தான் இடிக்கிறது. இவர் பென்சிலை எடுத்து வைத்துக்கொண்டு, "ரெண்டு பேரு போயி வர்றதுக்கு பஸ்ஸுக்கே நாப்பது ரூபா ஆவுது. அம்பது வாங்க நாப்பது செலவா?" என்றார். நானும் நன்றாக யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அதனால் ஐம்பது வேண்டாம் அக்கா. மாதம் பத்து ரூபாயாகக் கொடுங்கள்.

இவர் பென்சிலைக் கீழே போட்டுவிட்டார். அப்புறம் எடுத்துக் கணக்குப் போட்டு, "ஏழரை வருசம்டி!" என்றார். உள்ளே இருந்து மாமியார், "ஏழரையா? அது சனி புடிக்கிற கணக்காச்சே, யாருக்குப் புடிச்சிருக்குது?" என்று பதறிக்கொண்டு வந்தார். லூர்துமேரி அக்காவுக்கு, நான்தான் பிடித்திருக்கிறேன் என்றேன்.

பிப்ரவரி முதல் ஞாயிறு வருகிறோம். பத்து ரூபாயைச் சில்லறையாக மாற்றி வையுங்கள். நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணித்தான் வாங்குவேன்.

அம்சா